பங்களாவும் குருமனையும்

கோயிலை ஒட்டிப் பாதிரியார் குடியிருக்கும் பழைய வீட்டைத் திருநெல்வேலிச் சீமையில் பங்களா என்றும் சொல்வார்கள், குருமனை என்றும் சொல்வார்கள். ஒரே வீட்டுக்கு வழங்கும் இந்த இரண்டு பெயர்களும் வெவ்வேறு திசையிலிருந்து வந்தவை.

பங்களா வங்காளத்துச் சொல். அந்நாட்டு எளிய மக்களின் கூரைக் குடிசைக்கு அதுதான் பெயர். 1676-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர், ஹூக்ளியில் கப்பல் ஆட்களுக்குப் போடவேண்டிய குச்சுவீடுகளை இந்தச் சொல்லால்தான் குறித்தார். பிறகு வெள்ளைக்காரர்கள் அந்தக் குடிசையின் அமைப்பைப் பெரிதாக்கினார்கள். தரை உயர்ந்தது, சுவர் தடித்தது, வெயில் சுவரில் படாதபடி சுற்றிலும் தாழ்வாரம் இறங்கியது. ஏழையின் குடிசைப் பெயர் துரைமார் வீட்டுக்கு ஏறியது இப்படித்தான். மிஷனரிகள் கட்டியதும் அதே அமைப்பையே. உள்ளே போனால் வேறொரு மொழி கேட்கும். பாதிரி, சன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொற்கள்.

குருமனை நம் சொல். மனை என்றால் வீடு, வீடு கட்டும் நிலம், இல்லறம். மனைவியும் அதில் பிறந்த சொல்தான். சீர்திருத்தச் சபையின் குரு குடும்பத்தோடு வாழ்பவர் என்பதால் இந்தப் பெயர் மிகவும் பொருந்துகிறது. திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியையே பாருங்கள். 1841-இல் அந்தத் தேரிக்காட்டு ஊருக்கு வந்த கால்டுவெல் ஐயர், 1844-இல் நாகர்கோவில் மிஷனரி மால்ட்டின் மகள் எலைசாவை மணந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியதும் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்ததும் அந்த அம்மையார். ஊரின் பெரிய தேவாலயம் 1880-இல்தான் அர்ப்பணமானது. அதற்கு வெகு முன்பே அவர்கள் குடியிருந்த வீடு ஊருக்குப் பயன்படத் தொடங்கிவிட்டது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் அந்த இல்லத்தைத் தமிழ்நாடு அரசு 2011-இல் நினைவு இல்லமாக்கியது.

பங்களா என்ற பெயர் கட்டடத்தைப் பார்க்கிறது. குருமனை அதில் வாழ்பவரைப் பார்க்கிறது. எனக்குப் பின்னதே உயர்ந்த பெயர். ஆனால் காப்பாற்ற வேண்டியது பெயரை மட்டுமல்ல, கட்டடத்தையும்தான். பழைய குருமனை உள்ள சபையார் தாழ்வாரத்தை அடைத்து அறையாக்க வேண்டாம். அடைத்தால் காற்றும் நிழலும் போய்விடும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவர் உள்ளுக்குள் உதிரும். பழுது பார்க்கும்போது சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி அழையுங்கள்.