தீக்காவல் இரவுகளில் பிறந்த எஞ்சின்

1940ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14ஆம் நாள் இரவு, இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகர்மீது ஜெர்மானிய விமானங்கள் குண்டுமாரி பொழிந்தன. ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழைமை வாய்ந்த பெருந்தேவாலயம் சுவர்கள் மட்டும் எஞ்ச எரிந்து வீழ்ந்தது. மோட்டார்த் தொழிலுக்குப் பேர்பெற்ற அந்நகரில், போர்க்காலம் முழுவதும் தொழிற்சாலைகளிலே இராக்காவல் இருப்பது கடமையாயிற்று. கூரைமேல் விழும் தீக்குண்டுகளை உடனுக்குடன் அணைப்பதற்காகவே இக்காவல் ஏற்பட்டது.

அந்நகரிலிருந்த எஸ். எஸ். மோட்டார்த் தொழிற்சாலையிலும் அவ்வாறு முறைவைத்துக் காவல் காத்தனர். தலைவர் வில்லியம் லயன்ஸ், தலைமைப் பொறியியலாளர் வில்லியம் ஹெயின்ஸ், அவருடைய துணைவர்களான வோல்ட்டர் ஹசன், குளோட் பேலி ஆகியோர் ஞாயிறு இரவுகளில் ஒன்றாகக் காவலிருப்பது வழக்கம். குண்டு விழாத இரவுகளில் அவர்களுக்குப் பேசுவதற்கு ஒரே பொருள்தான் இருந்தது. போர் முடிந்தபின் எத்தகைய வண்டியைச் செய்வது, அதற்கு எத்தகைய எஞ்சினைப் பொருத்துவது என்பதே அது.

இது பொழுதுபோக்குக்காக எழுந்த வினா அன்று. அந்நிறுவனம் 1922ஆம் ஆண்டிலே பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரில், மோட்டார்ச் சைக்கிள்களுக்குப் பக்கவண்டி செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது. 1927இல் ஒஸ்டின் செவன் வண்டிகளுக்கு அழகிய மேற்கூடு அமைக்கத் தலைப்பட்டது. மறு ஆண்டு கொவென்ட்ரிக்குப் பெயர்ந்தது. 1931இல் எஸ். எஸ். என்ற பெயரில் தன் முதல் வண்டியை வெளியிட்டது. வடிவிலே அவ்வண்டி எவரையும் கவர்ந்தது. ஆனால் அதனை இயக்கிய எஞ்சினோ ஸ்டாண்டர்ட் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. தோற்றத்திலுள்ள வேகம் ஓட்டத்தில் இல்லை என்று பலர் எள்ளினர். தனக்கென ஓர் எஞ்சின் இல்லாத நிறுவனம் பிறர் கையை எதிர்பார்த்தே வாழவேண்டும் என்பதை லயன்ஸ் நன்குணர்ந்திருந்தார்.

அக்குறையைத் தீர்க்கும் வழியை அவருக்குக் காட்டியவர் ஹரி வெஸ்லேக் என்பவர். எஞ்சின் என்பது மூச்சுவிடும் பொருள் என்பதே அவருடைய கொள்கை. காற்றும் எரிபொருளும் கலந்த கலவை எவ்வளவு தடையின்றிச் சிலிண்டருக்குள்ளே புகுகின்றதோ, எரிந்த புகை எவ்வளவு தடையின்றி வெளியேறுகின்றதோ, அவ்வளவுக்கு எஞ்சினின் ஆற்றல் பெருகும். இதனை அவர் வெறும் ஊகத்தால் கூறவில்லை. எஞ்சினின் துளைகளுக்கூடாகக் காற்றைச் செலுத்தி, அதன் ஓட்டத்தை அளந்தறிந்தார். ஸ்டாண்டர்ட் எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தே இருந்தன. வெஸ்லேக் அவற்றைத் தலைக்கு மேலே கொண்டுவரும் புதிய தலைப்பகுதியை வகுத்தளித்தார். ஏறத்தாழ 70 குதிரைவலு தந்துகொண்டிருந்த அதே எஞ்சின் 100க்கு மேல் தந்தது. 1935இல் ஜகுவார் என்ற பெயரைத் தாங்கி வந்த வண்டியில் அது அமைந்தது. அதே ஆண்டில்தான் ஹெயின்சும் நிறுவனத்திற் சேர்ந்தார்.

ஆயினும், பிறருடைய எஞ்சினைத் திருத்துவதற்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே காவலிரவுகளில் லயன்ஸ் வைத்த இலக்கு உயர்ந்ததாயிருந்தது. குடும்பத்தோடு செல்லும் பெரிய வண்டி, எவ்விதத் தனிப்பட்ட ஆயத்தமுமின்றி மணிக்கு 100 மைல் ஓடவேண்டும். எஞ்சின் நெடுங்காலம் மாற்றமின்றி நிலைத்து நிற்கவேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கும் அது அழகாயிருக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் ஏற்ற வழி, சிலிண்டர்த் தலையின் மேலே இரண்டு கேம் தண்டுகளை வைப்பதே என ஹெயின்சும் துணைவரும் முடிவு செய்தனர்.

அந்நாளைய சாதாரண எஞ்சினிற் கேம் தண்டு கீழே இருந்தது. நீண்ட கோல்கள் வழியாக அது மேலேயுள்ள வால்வுகளைத் திறக்கும். வேகம் மிகும்போது அக்கோல்களின் பாரமே தடையாகி, வால்வுகள் உரிய கணத்தில் மூடத் தவறும். கேம் தண்டு வால்வுக்கு நேர்மேலே அமைந்துவிட்டால் அத்தடை நீங்கும். எனினும் இவ்வமைப்பு அக்காலத்தே பந்தய வண்டிகளுக்கும் மிகுந்த விலையுள்ள சில வண்டிகளுக்குமே உரியதாயிருந்தது. அது செய்வதற்கு அரியது, ஒலியும் மிக்கது. அன்றாடத் தெருவிலே ஓடும் வண்டியில், ஆயிரக்கணக்காகச் செய்து அதைப் பொருத்துவது எவ்வாறு? இதுவே அவர்கள் முன் நின்ற சோதனை.

விடை ஒரே நாளில் வரவில்லை. சோதனை எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யப்பட்டன. எக்ஸ் எப் என்பது 1360 கன சென்டிமீற்றர் கொள்ளளவுள்ள சிறு எஞ்சின். இரட்டைக் கேம் முறையை ஆராய அது பயன்பட்டது. எக்ஸ் ஜி என்பதிலே மீண்டும் கோல்களைக் கொண்டு முயன்றனர். அதன் ஒலி தாங்கக்கூடியதாக இல்லை. எக்ஸ் ஜே என்பது நல்ல பயனளித்தது. ஆனால் ஆறு சிலிண்டர்களோடு அதனை அமைத்தபோது, குறைந்த வேகத்திலே இழுவை போதாதிருந்தது. பந்தயத்துக்கு அக்குறை பெரிதன்று. சந்தை நெருக்கத்திலும் மலைப்பாதையிலும் வண்டியோட்டுபவருக்கோ அது பெருங்குறை. ஆகவே பிஸ்டனின் ஓட்டத்தை 98 மில்லிமீற்றரிலிருந்து 106 மில்லிமீற்றராக நீட்டினர். அவ்வாறு பிறந்ததே 3442 கன சென்டிமீற்றர் கொண்ட எக்ஸ் கே எஞ்சின்.

அதன் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆயது. எரியும் அறை அரைக்கோள வடிவினது. ஆதலால் பெரிய வால்வுகளை இருபுறமும் சாய்த்து வைக்க இடம் கிடைத்தது. ஒருபுறம் கலவை நுழைய, மறுபுறம் புகை வெளியேறும் இவ்வமைப்பிலே வெஸ்லேக்கின் கைவண்ணம் விளங்குகின்றது. கனத்த கிராங்க் தண்டினை ஏழு பேரிங்குகள் தாங்கின. கேம் தண்டுகளைச் சுழற்றும் சங்கிலியை இரு படிகளாகப் பிரித்து, அதன் ஓசையை அடக்கினர். மேலே மெருகிட்ட உலோக மூடிகள் இரண்டு, லயன்ஸ் விரும்பிய அழகோடு ஒளிர்ந்தன. எஞ்சின் 160 குதிரைவலு தந்தது.

இதனிடையே 1945இல் நிறுவனம் தன் பெயரை மாற்றிக்கொண்டது. எஸ். எஸ். என்னும் எழுத்துகள் ஹிட்லரின் கொடும்படையை நினைவூட்டியமையால், ஜகுவார் என்பதே நிறுவனத்தின் பெயராயிற்று. ஆறு சிலிண்டர் எஞ்சின் செய்யும் இயந்திரங்களை ஸ்டாண்டர்ட் நிறுவனம் விற்க முன்வந்தபோது, லயன்ஸ் தாமதியாது லொறிகளை அனுப்பி அவற்றை எடுத்துவரச் செய்தார். பின்னர் அவற்றைத் திருப்பிக் கேட்டபோது அவர் இணங்கவில்லை. சொந்தக் காலில் நிற்கும் உறுதி அச்செயலிலே தெரிகின்றது.

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டன் மோட்டார்க் கண்காட்சி கூடியது. எஞ்சின் ஆயத்தம், அதற்கென எண்ணிய பெரிய வண்டியின் கூடு ஆயத்தமாகவில்லை. எஞ்சினை உலகுக்குக் காட்டுவதற்காகவே விரைவில் ஒரு சிறு விளையாட்டு வண்டியை அமைத்தனர். அதுவே எக்ஸ் கே 120. ஏறத்தாழ இருநூறு வண்டிகளே செய்வதாக எண்ணியிருந்தனர். வேண்டுகோள்களோ வெள்ளமெனப் பெருகின. மரச்சட்டத்தின்மேல் அலுமினியத் தகடு பொருத்தும் முதல் முறையைக் கைவிட்டு, 1950இல் உருக்குத் தகட்டுக்கு மாறவேண்டியதாயிற்று.

பெயரிலுள்ள 120 மைல் வேகம் உண்மைதானா என்று பலர் ஐயுற்றனர். 1949ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், பெல்ஜியத்திலுள்ள ஜப்பேக்கே நெடுஞ்சாலையில், காற்றுத்தடுப்புக் கண்ணாடி நீக்கிய ஒரு வண்டி மணிக்கு 132 மைலுக்கு மேல் ஓடிற்று. அதன்பின், பத்திரிகையாளர் முன்னிலையில், அதே வண்டி உச்சக் கியரிலேயே மெல்ல ஊர்ந்து சென்றது. வேகத்தைக் கண்டு வியந்தவர்கள், அந்த அமைதியான ஊர்தலைக் கண்டு மேலும் வியந்தனர். பிஸ்டன் ஓட்டத்தை நீட்டிய முடிவின் சிறப்பு அங்கே விளங்கிற்று. 1952இல் பிரான்சிலுள்ள மொன்லெரி ஓட்டத்தடத்திலே, சாரதிகள் நால்வர் மாறிமாறி ஓட்ட, ஒரு வண்டி ஏழு பகலும் ஏழு இரவும் சராசரி மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடியது.

தெருவுக்கென வகுத்த அந்த எஞ்சினே பந்தயத்துக்கும் சென்றது. வால்வுகளையும் கேம் தண்டுகளையும் திருத்தி, ஏறத்தாழ 200 குதிரைவலு பெற்ற சி வகை வண்டி, 1951இல் லே மான் நகரின் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. 1953, 1955, 1956, 1957 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி ஜகுவாருக்கே கிடைத்தது. அவற்றுள் 1955ஆம் ஆண்டு வெற்றியை எவரும் கொண்டாடும் நிலையில் இல்லை. வேறொரு வண்டி பார்வையாளரிடையே பாய்ந்து, எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த துயர நாள் அது. மனிதன் செய்யும் வேகத்துக்கு மனிதனே விலை கொடுக்க நேரிடும் என்பதை அந்நாள் உணர்த்திற்று.

பந்தயத்திற் கற்றவை மீண்டும் தெருவுக்கே வந்தன. சி வகைத் தலைப்பகுதி சாதாரண வாடிக்கையாளருக்கும் கிடைத்தது. 1961இல் வெளிவந்த இ வகை வண்டியிலும், 1968இல் வந்த பெரிய குடும்ப வண்டியிலும், பிரித்தானியப் படையின் ஸ்கோர்ப்பியன் இலகு தாங்கியிலுங்கூட இந்த எஞ்சின் குலமே இயங்கிற்று. பிற்காலத்திலே பழைய வண்டிகளைப் புதுப்பித்து அவற்றின் ஆற்றலைப் பெருக்க விழைவோரும் வெஸ்லேக்கின் வழியையே பின்பற்றலாயினர். துளைகளைச் செம்மைப்படுத்தினர், வால்வுகளைப் பெரிதாக்கினர், சுழலும் உறுப்புகளை நிறை பார்த்துச் சமப்படுத்தினர்.

1992ஆம் ஆண்டிலே எக்ஸ் கே எஞ்சினின் உற்பத்தி முடிவுற்றது. இறுதியாக அதனைத் தாங்கியது டைம்லர் நிறுவனப் பெயரில் வந்த நீண்ட அரச வண்டி. அரசரும் அமைச்சரும் பவனி செல்லவும், இறந்தோரை இறுதியாக இட்டுச்செல்லவும் அவ்வண்டி பயன்பட்டது. லே மானிலே இரவைக் கிழித்து ஓடிய எஞ்சின், மனிதர் நடக்கும் வேகத்திலே, அருகில் நிற்போர் செவிக்கும் எட்டாத அமைதியோடு தன் பணியை முடித்தது. தீக்குண்டுகளுக்குக் காவலிருந்த அந்நால்வரும் விரும்பிய ஆற்றல் இத்தகையதே.