கை வைத்தவர் கணக்கு

எஸ்.ஏ.பி. மென்பொருளை வாங்கிய ஒரு நிறுவனம் அதற்குள் சொந்தமாக நிரல் எழுதிச் சேர்க்கும்போது, அதன் பெயரைப் பொதுவாக இசட் அல்லது ஒய் என்ற எழுத்தில்தான் தொடங்கும். மற்ற எழுத்துகள் ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரில் இருக்கும் தயாரிப்பாளருக்கு உரியவை. புது ப்ராஜெக்டில் காலெடுத்து வைக்கும் ஆலோசகர் முதலில் விசாரிப்பவற்றில் ஒன்று, ‘இசட் எத்தனை இருக்கிறது?’ என்பது. ஆயிரக்கணக்கில் இருக்கிறது என்று பதில் வந்தால் அவர் தன் மதிப்பீட்டில் சில மாதங்களைச் சத்தமில்லாமல் கூட்டிக்கொள்வார். இசட் என்பது ஓர் எல்லைக்கல். அந்தப் பக்கம் கோளாறு வந்தால் தயாரிப்பாளர் பார்ப்பார். இந்தப் பக்கம் வந்தால் எழுதியவர் பாடு.

இந்தக் கல் ஆதியிலிருந்தே இருந்ததல்ல. 1960களில் பெரிய கம்ப்யூட்டர் வாங்கியவருக்கு மென்பொருள் இலவசமாக வந்தது. மூலநிரலும் கூடவே வந்தது. பிடிக்காததை வெட்டுவது, வேண்டியதை ஒட்டுவது எல்லாம் அன்றாட வேலை. ஹூஸ்டனில் நாசாவின் விண்வெளி மையத்துக்காக ஐ.பி.எம். ஊழியர்கள் எழுதிய ‘ஹாஸ்ப்’ நிரல் அதற்கு நல்ல உதாரணம். வேலைகளை வரிசைப்படுத்தி அச்சுப்பொறிக்கும் வட்டுக்கும் இடையே ஒழுங்காக ஓட்டுவது அதன் பணி. ஐ.பி.எம். அதிகாரபூர்வமாகத் தந்ததைவிட அது நன்றாக ஓடியதால், ஊர் ஊராகப் பரவியது. ஒவ்வொரு கம்ப்யூட்டர் மையமும் அதில் தன் கைவண்ணத்தைச் சேர்த்தது. 1955இல் தொடங்கிய ‘ஷேர்’ என்ற பயனாளர் சங்கத்தின் கூட்டங்களில் இந்தத் திருத்தங்கள் கைமாறின. பின்னாளில் ஹாஸ்ப் வழிவந்த ஜெஸ்2, ஐ.பி.எம்.மின் முறையான பொருளாகவே ஆகிவிட்டது. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் நடுவே கோடு எங்கே என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கோடு போட்டது பணம். 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஐ.பி.எம். மீது ஏகபோக வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, மென்பொருளுக்கும் பொறியாளர்களின் உதவிக்கும் இனி தனித்தனி விலை என்று நிறுவனம் அறிவித்தது. விலை வந்ததும் பொருள் வந்தது. பொருள் வந்ததும் அதற்கு உத்தரவாதம் யார் என்ற கேள்வி வந்தது. 1983இல் ஐ.பி.எம். அடுத்த அடி எடுத்து வைத்தது: புதிய மென்பொருள்களில் மூலநிரல் கிடையாது, இயந்திரம் படிக்கும் வடிவம் மட்டுமே. ஷேர் சங்கத்தார் இதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார்கள். பலன் அதிகமில்லை. ஆளுக்கொரு விதமாக மாற்றி வைத்திருக்கும் நிரலில் கோளாறு எங்கே என்று தேடிக் கொடுப்பது கட்டுப்படியாகாத வேலை என்பதும் விற்பவர் பக்கத்து நியாயம்தான்.

எஸ்.ஏ.பி. இதற்கு நேர்மாறான பாதையில் வந்தது. 1972இல் ஐ.பி.எம்.மை விட்டு வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் அதைத் தொடங்கினார்கள். அவர்களிடம் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர்கூட இல்லை. முதல் வாடிக்கையாளரான ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஓஸ்ட்ரிங்கன் நைலான் ஆலையில், ஆலையின் இயந்திரத்திலேயே உட்கார்ந்து நிரல் எழுதினார்கள். ஒருவருக்கு எழுதியதை இன்னொருவருக்கும் விற்கலாம் என்ற எண்ணம்தான் அவர்களுடைய முதலீடு. எல்லா ஆலைகளுக்கும் வரவும் செலவும் இருப்பும் ஒன்றுதானே, ஒரே மென்பொருள் போதாதா?

ஏறக்குறைய போதும். அந்த ‘ஏறக்குறைய’தான் அடுத்த ஐம்பதாண்டு வரலாறு.

1992இல் வந்த ஆர்/3 உலகெங்கும் விற்றபோது, அபாப் மொழியில் எழுதிய மூலநிரலும் கூடவே போனது. யாரும் திறந்து படிக்கலாம். மாற்றுவதற்கு மூன்று படிகள் இருந்தன. முதல் படி, அட்டவணைகளில் நிறுவனத்தின் வரி விகிதம், கணக்குத் தலைப்பு, ஒப்புதல் வரிசை போன்றவற்றை நிரப்புவது. இதற்குத் தயாரிப்பாளரின் முழு ஆசியும் உண்டு. இரண்டாவது, இசட் நிரல்கள். மூன்றாவதுதான் வம்பு: தயாரிப்பாளரின் சொந்த நிரலுக்குள்ளேயே கை வைப்பது.

அதைத் தடுக்கவில்லை, ஆனால் பதிவு செய்துகொண்டார்கள். கொள்முதல் ஆணைத் திரையில் லாரி எண்ணைப் போட ஒரு கட்டம் வேண்டும் என்று கிடங்கு மேலாளர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரலர் மூல நிரலைத் திறந்ததும் அது ஒரு சாவி எண் கேட்கும். எஸ்.ஏ.பி.யின் தளத்துக்குப் போய், எந்த நிரலை மாற்றப்போகிறோம் என்று பதிந்தால் இருபது இலக்க எண் கிடைக்கும். அதைப் போட்ட பிறகு நாலு வரி எழுதலாம். லாரி எண் கட்டம் வந்துவிடும், மேலாளரும் சந்தோஷம். யார், எதை, எப்போது தொட்டார் என்பது வால்டார்ஃபிலும் பதிந்திருக்கும்.

கணக்கு தீர்ப்பது அப்கிரேட் அன்று. புதிய பதிப்பு அந்த நிரலை அடித்து எழுதிவிடும். அப்போது எஸ்.பி.ஏ.யு. என்ற திரையில், கை வைத்த இடங்கள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு விளக்கு. பச்சை என்றால் பழைய திருத்தம் தானாக ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் என்றால் ஆள் உதவி வேண்டும். சிவப்பு என்றால் முழுக்கக் கையால் செய்ய வேண்டும். நாலு வரி எழுதியவர் வேலையை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகியிருக்கும். நிரலில் அவர் முதலெழுத்தும் ஒரு தேதியும் மட்டும் இருக்கும். லாரி எண் எதற்கு என்று கேட்டால் கிடங்கிலேயே யாருக்கும் தெரியாது. எடுத்துவிடவும் பயம். ஒரு திருத்தம் தவறா சரியா என்பதைவிட, அதைக் கேட்டவரும் எழுதியவரும் அதற்கான பில்லைக் கட்டுபவரும் வேறு வேறு ஆட்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான கோளாறு.

இடையில் கோளாறு வந்து சப்போர்ட்டுக்கு எழுதினாலோ, திருத்தம் இல்லாத நிரலிலும் இதே தவறு வருகிறதா என்பது முதல் கேள்வி. திருத்தத்தால் வந்தது என்று தெரிந்தால் அது ஆண்டுச் சந்தாவில் சேராது. ஆலோசனைக் கட்டணம் தனி.

அந்தச் சந்தாவே சின்ன தொகை அல்ல. லைசென்ஸ் விலையில் 17 சதவீதமாக இருந்ததை 22 ஆக உயர்த்துவதாக 2008 ஜூலையில் எஸ்.ஏ.பி. அறிவித்தது. உலகப் பொருளாதாரமே சரிந்துகொண்டிருந்த நேரம். ஜெர்மன் மொழிப் பயனாளர் சங்கம் முதல் எல்லோரும் கொதித்தார்கள். 2010 ஜனவரியில் நிறுவனம் இறங்கி வந்து, மலிவான பழைய திட்டத்தையும் தேர்ந்தெடுக்கலாம் என்றது. அடுத்த மாதமே தலைமை அதிகாரி லியோ அபோதெக்கர் பதவி விலகினார்.

இந்தச் சந்தாவின் மேல்தான் ஒரு தனி வியாபாரமே முளைத்தது. டெக்ஸாஸில் தொடங்கிய டுமாரோநவ் என்ற சின்ன நிறுவனம், பீப்பிள்சாஃப்ட் போன்ற மென்பொருள்களுக்குப் பாதி விலையில் சப்போர்ட் தந்தது. 2005இல் எஸ்.ஏ.பி.யின் போட்டி நிறுவனமான ஆரக்கிள் பீப்பிள்சாஃப்டை விழுங்கியபோது, எஸ்.ஏ.பி. போய் டுமாரோநவ்வை வாங்கியது. போட்டியாளரின் வாடிக்கையாளர்களைக் கொத்திக்கொண்டு வர இதைவிட நல்ல தூண்டில் எது? தூண்டில் தொண்டையில் மாட்டியது எஸ்.ஏ.பி.க்குத்தான். ஆரக்கிளின் மென்பொருளைத் திருட்டுத்தனமாக இறக்கிக்கொண்டார்கள் என்று 2007இல் வழக்கு வந்தது. 2010இல் ஜூரி விதித்த இழப்பீடு 130 கோடி டாலர். நீதிபதி அதைக் குறைத்தார், மேல்முறையீடுகள் நடந்தன. 2014இல் சுமார் 35.7 கோடி டாலரில் முடிந்தது. டுமாரோநவ்வில் இருந்த சேத் ரவின் 2005இலேயே ரிமினி ஸ்ட்ரீட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதே தொழிலைத் தொடர்ந்தார். ஆரக்கிள் அவர் மீதும் வழக்குப் போட்டது. வழக்குச் செலவில் எதையெல்லாம் வசூலிக்கலாம் என்ற ஒரு கேள்வி மட்டும் 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ரிமினி தந்த வாக்குறுதிகளில் ஒன்று கவனிக்கத்தக்கது: நீங்கள் எழுதிய இசட் நிரல்களையும் சேர்த்தே பார்த்துக்கொள்கிறோம். தயாரிப்பாளர் நட்ட எல்லைக்கல்லுக்கு வெளியே ஒரு சந்தை இருப்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கை வைக்காமலே இருந்துவிட்டால் என்ன? எல்லோரும் சொல்லும் அறிவுரை இது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து சுகாதாரத் துறையில் அது எடுபடவில்லை. அங்கே பழைய சம்பள மென்பொருளான லாட்டிஸுக்குத் தயாரிப்பாளரின் ஆதரவு முடிவுக்கு வந்தது. எனவே எஸ்.ஏ.பி.யும் வொர்க்பிரைனும் சேர்ந்த புதிய அமைப்பு ஐ.பி.எம். மூலம் வந்து, 2010 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. சுமார் 80,000 ஊழியர்கள். செவிலியருக்கு ஓர் ஒப்பந்தம், மருத்துவருக்கு வேறு. இரவுப் பணி, விடுமுறைப் பணி, இருநூறுக்கும் மேற்பட்ட படிகள். எல்லாம் சேர்ந்து 24,000க்கும் அதிகமான சம்பளக் கணக்கீட்டுச் சேர்க்கைகள். தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மென்பொருளுக்காக மாற்ற முடியாது. ஆகவே மென்பொருளை மாற்றினார்கள், ஏராளமாக. முதல் சம்பள நாளிலேயே பலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. சரிக்கட்டி ஓட்டுவதற்கான மொத்தச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். ரிச்சர்ட் செஸ்டர்மன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013இல் அரசையும் ஒப்பந்தக்காரரையும் கடுமையாகக் கண்டித்தது. திருத்தம் செய்ததை மட்டும் குற்றம் சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. என்ன வேண்டும் என்பதையே முழுதாக எழுதி வைக்காமல் இறங்கியது அதைவிடப் பெரிய பிழை.

ஜெர்மானிய மளிகைக் கடைச் சங்கிலியான லிடிலின் கதையில் அப்படிச் சட்டக் கட்டாயம் எதுவும் இல்லை. 2011இல் தொடங்கிய அவர்களுடைய எஸ்.ஏ.பி. திட்டத்தின் பெயர் எல்விஸ். கையிருப்புச் சரக்கை லிடில் கொள்முதல் விலையில் கணக்கிட்டு வந்தது, எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருளோ விற்பனை விலையில் கணக்கிடும். லிடில் தன் வழக்கத்தை விடவில்லை. கணக்கின் அடிவேரில் இருக்கும் ஒரு எண்ணை மாற்றினால் கிளைகளெல்லாம் மாற வேண்டும். ஏழு ஆண்டுகளும் ஏறக்குறைய 50 கோடி யூரோவும் கரைந்த பிறகு, 2018 ஜூலையில் திட்டத்தை மூடிவிட்டுப் பழைய மென்பொருளுக்கே திரும்பினார்கள். வழக்கத்தைக் கைவிடாதது பிடிவாதமா என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. கிடுகிடுவென வளர்ந்த ஒரு நிறுவனம், தன்னை வளர்த்த கணக்கு முறையை ஒரு மென்பொருளுக்காக ஏன் விட வேண்டும் என்று கேட்பதிலும் அர்த்தம் இருக்கிறது.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. 2015இல் எஸ்/4ஹானா என்ற புதிய மென்பொருளை வெளியிட்ட எஸ்.ஏ.பி., அதற்கு முந்தைய ஈ.சி.சி. மென்பொருளுக்கான பராமரிப்பை 2025இல் நிறுத்துவதாகச் சொல்லியிருந்தது. இசட் மூட்டைகளோடு தவித்தவர்கள் நகர முடியாமல் நின்றதால், 2020 பிப்ரவரியில் கெடுவை 2027 வரை நீட்டியது. கூடுதல் பணம் கட்டினால் 2030 வரை. புதிய மந்திரத்தின் பெயர் ‘க்ளீன் கோர்’: மையத்தைத் தொடாதே, எழுத வேண்டியதை வெளியே எழுது. எஸ்/4ஹானாவில் அந்த இருபது இலக்கச் சாவியை யாரும் கேட்பதில்லை. அதன் பொது மேகப் பதிப்பிலோ தயாரிப்பாளரின் நிரலைத் திருத்த வழியே கிடையாது. அப்கிரேட் தயாரிப்பாளர் குறித்த தேதியில் வந்து இறங்கும்.

மேகத்துக்குப் போனாலும் பழைய பழக்கம் விடுவதில்லை. 1999 முதல் எஸ்.ஏ.பி.யில் இருந்த இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகர மன்றம், 2022 ஏப்ரலில் ஆரக்கிளின் மேக மென்பொருளுக்கு மாறியது. தன் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு முறைக்கு ஏற்றபடி அதையும் வளைத்தது. வந்த பணம் யாருடையது, எந்தக் கணக்குக்கு என்றே சரியாகத் தெரியாமல் நிதித் துறையினர் கையால் பதிவுகளைத் தேட வேண்டியிருந்தது. சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று நினைத்த வேலை 10 கோடியைத் தாண்டியது. 2023 செப்டம்பரில் நகர மன்றம் கையில் காசில்லை என்று சட்டப்படி அறிவித்தபோது, சம ஊதிய வழக்குகளின் கடனோடு இந்த மென்பொருளையும் காரணமாகச் சொன்னது. பிறகு எடுத்த முடிவு, அதே ஆரக்கிள் மென்பொருளை எந்த வளைப்பும் இல்லாமல், பெட்டியில் வந்தபடியே இரண்டாவது முறை நிறுவுவது. இம்முறை மாற வேண்டியது நகர மன்ற அலுவலகத்தின் வங்கிச் சரிபார்ப்பு முறைதான்.