மெரிடன் மூடலும் அமெரிக்கச் சந்தையும்: ட்ரையம்ஃப் வீழ்ச்சி குறித்த ஒரு மறுவாசிப்பு

1973 செப்டம்பர் 14 அன்று நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃப் நிறுவனத் தலைவர் டெனிஸ் பூர், மெரிடன் தொழிற்சாலையை அடுத்த பிப்ரவரிக்குள் மூடப்போவதாகத் தொழிலாளர் பிரதிநிதிகளிடம் அறிவித்தார். 1,750 பேருக்கு வேலை போகும் நிலை. ட்ரையம்ஃப் பானவில் பைக்கின் தயாரிப்பு பர்மிங்காம் நகரின் ஸ்மால் ஹீத் ஆலைக்கு மாற்றப்படும் என்பது திட்டம். இரண்டு ஆலைகளுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அறிவிப்பு வந்த கையோடு தொழிலாளர்கள் ஆலை வாயிலை மறித்தார்கள். முற்றுகை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்தது. அமெரிக்க டீலர்களுக்குப் போக வேண்டிய பைக்குகள் ஆலைக்குள்ளேயே முடங்கின.

பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலின் வீழ்ச்சியை எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மெரிடன் தொழிலாளர்களின் பிடிவாதம் ஒரு நல்ல பெயரைக் கொன்றது என்பது ஒன்று. ஜப்பானியரின் மலிவான பெருந்திரள் உற்பத்திக்கு முன்னால் பிரிட்டன் எப்படியும் தோற்றிருக்கும் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. அமெரிக்கச் சந்தை 1973-இல் கைநழுவவில்லை. 1968-க்கும் 1971-க்கும் இடையில், பைக்கை வடிவமைத்தவர்களுக்கும் அதை அமெரிக்காவில் விற்றவர்களுக்கும் இடையிலிருந்த தொடர்பை நிர்வாகமே அறுத்தபோதே அது கைநழுவிவிட்டது. 1973-இன் இடமாற்ற முடிவு, அந்தத் தவறைச் சரிசெய்யக் கிடைத்த கடைசிக் கால அவகாசத்தையும் பறித்தது.

அந்தத் தொடர்பு எப்படி உருவானது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் கவன்ட்ரி நகரைக் குண்டுவீசி அழித்தபோது ட்ரையம்ஃப் ஆலையும் தரைமட்டமானது. 1942-இல் மெரிடன் கிராமத்தருகே புதிய ஆலை எழுந்தது. போருக்குப் பின் பிரிட்டனுக்கு டாலர் தேவைப்பட்டது. ட்ரையம்ஃப்பின் தலைமை வடிவமைப்பாளரும் நிர்வாகியுமான எட்வர்ட் டர்னர், கலிபோர்னியாவின் பாசடீனாவில் பைக் விற்ற பில் ஜான்சனோடு நேரடி நட்பும் வணிகமும் கொண்டிருந்தார். மேற்குக் கரைக்கு ஜான்சன் மோட்டார்ஸ், கிழக்குக் கரைக்கு 1951-இல் மேரிலாந்தின் பால்டிமோரில் தொடங்கிய ட்ரையம்ஃப் கார்ப்பரேஷன் என இரண்டு விநியோக அமைப்புகள் இயங்கின. இவை பெட்டியைப் பிரித்து விற்கும் கிடங்குகளாக மட்டும் இருக்கவில்லை. எந்த ஹேண்டில்பார் வேண்டும், டேங்க் எவ்வளவு சிறியதாக இருக்க வேண்டும், சைலன்சர் எந்த உயரத்தில் போக வேண்டும் என்பதையெல்லாம் அவை மெரிடனுக்கு எழுதிக் கேட்டன. மெரிடனும் செய்து கொடுத்தது. பாலைவனப் பந்தயங்களுக்கென உயர்த்திய சைலன்சரோடு வந்த டி.ஆர்.6.சி., 1963 முதல் 1967 வரை வந்த டி.டி. ஸ்பெஷல் ஆகியவை அமெரிக்காவின் கோரிக்கையால் பிறந்தவை. 1959 மாடலாக வந்த பானவில்லின் பெயரே யூட்டா மாநிலத்தின் உப்புப் பரப்பிலிருந்து வந்தது. அங்கேதான் 1956-இல் ஜானி ஆலன் ட்ரையம்ஃப் இன்ஜின் பொருத்திய வண்டியில் மணிக்கு 214 மைல் வேகத்தைத் தொட்டார்.

டர்னர் எளிதில் அனுசரித்துப் போகும் மனிதர் அல்லர். பெரிய இன்ஜின்களை அவர் தாமதப்படுத்தினார் என்ற குறையும் நியாயமானதே. ஆனால் அமெரிக்க விற்பனையாளரின் குரல் நேராக வடிவமைப்பாளரின் காதில் விழும்படி அவர் காலத்தில் ஒரு பாதை இருந்தது. ட்ரையம்ஃப் 1951-லேயே பி.எஸ்.ஏ. குழுமத்துக்கு விற்கப்பட்டிருந்தாலும், டர்னர் 1964-இல் பொறுப்பிலிருந்து விலகும்வரை அந்தப் பாதை அடைபடவில்லை.

அதன்பின் குழுமத் தலைமை வடிவமைப்பை மெரிடனிலிருந்து பிரித்து, அம்பர்ஸ்லேட் ஹால் என்ற பழைய மாளிகையில் ஓர் ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. ஆலையில் இருந்தவர்களின் கைக்கும், அமெரிக்காவில் விற்றவர்களின் கண்ணுக்கும் எட்டாத தூரத்தில் புதிய பைக்குகள் வரையப்பட்டன. விளைவு இரண்டு இடங்களில் தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது, மூன்று சிலிண்டர் ட்ரைடன்ட். பெர்ட் ஹாப்வுட், டக் ஹீல் இருவரின் இந்த இன்ஜின் 1960-களின் நடுவிலேயே ஓடத் தயாராக இருந்தது. தோற்றத்தை மெருகேற்றுகிறோம் என்று ஓகிள் என்ற வடிவமைப்பு நிறுவனத்திடம் கொடுத்ததில் காலம் போனது. 1968 செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது அந்தக் கோணலான டேங்க்கையும் விசித்திரமான சைலன்சரையும் அமெரிக்க வாடிக்கையாளர் விரும்பவில்லை. சில மாதங்களிலேயே ஹோண்டா சி.பி.750 வந்துவிட்டது: நான்கு சிலிண்டர், முன்சக்கர டிஸ்க் பிரேக், பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். விலை 1,495 டாலர். ட்ரைடன்ட் 1,750 டாலர். பழைய ட்ரையம்ஃப் தோற்றத்துக்கு ட்ரைடன்ட்டை மாற்றித்தரும் பாகங்களை அமெரிக்க விநியோக அமைப்பே தர வேண்டியிருந்தது. 1969-இல் பி.எஸ்.ஏ.வின் அமெரிக்க நிர்வாகி டான் பிரவுன், இங்கிலாந்துக்குச் சொல்லாமலே கிரெய்க் வெட்டர் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் ஒரு பைக்கைக் கொடுத்து மாற்றி வரையச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் எக்ஸ்-75 ஹரிக்கேன். அமெரிக்கக் கண்ணுக்குப் பிடித்த அந்த வடிவம் விற்பனைக்கு வந்தது 1973 மாடலாகத்தான். சந்தையின் குரலை மேலிடத்துக்குச் சொல்ல நேர்வழி இருந்திருந்தால் இந்த ரகசிய ஏற்பாட்டுக்குத் தேவையே இருந்திருக்காது.

இரண்டாவது சான்று இன்னும் வலியது. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1971 மாடலுக்கென அம்பர்ஸ்லேட் ஹாலில் புதிய பிரேம் ஒன்று வரையப்பட்டது. தனி ஆயில் டேங்க் கிடையாது. பிரேமின் தடித்த முதுகெலும்புக் குழாயிலேயே ஆயில் நிற்கும். வரைபடங்கள் மெரிடனுக்கு வரத் தாமதமானதால் 1970 இலையுதிர் காலத்தில் ஆலை மாதக்கணக்கில் முழுவீச்சில் ஓடவில்லை. பிரேம் வந்த பிறகு, முழுதாகப் பூட்டிய இன்ஜின் அதற்குள் நுழையவில்லை. மேலிருக்கும் ராக்கர் பாக்ஸ்களைக் கழற்றி, இன்ஜினை உள்ளே வைத்து, பிறகு அவற்றைப் பூட்ட வேண்டியிருந்தது. மெரிடன் அசெம்பிளி லைனில் நின்ற ஒரு ஃபிட்டரிடம் முன்னரே காட்டியிருந்தால் சில நிமிடங்களில் தெரிந்திருக்கக்கூடிய பிழை. இருக்கையின் உயரமும் முப்பத்திரண்டு அங்குலத்தைத் தாண்டியதால் சராசரி உயரமுள்ள ஓட்டுநரின் கால் தரையில் சரியாக ஊன்றவில்லை. அமெரிக்காவில் ஒரு டீலரிடம் மாதிரியைக் காட்டியிருந்தால் இதுவும் உடனே தெரிந்திருக்கும். இருக்கையைத் தாழ்த்திய பிரேம் 1972-இல்தான் வந்தது.

இந்தத் தாமதத்தின் விலையைப் புரிந்துகொள்ள அமெரிக்க விற்பனையின் பருவத்தை அறிய வேண்டும். அங்கே பைக் வாங்குபவர் வசந்தத்தில் வாங்குகிறார். மார்ச்சில் ஷோரூமில் பைக் நிற்க வேண்டுமானால் குளிர்காலத்திலேயே அது கப்பலேறியாக வேண்டும். கோடை முடிவில் வந்து சேரும் பைக் தள்ளுபடியில்தான் போகும். அடுத்த ஆண்டு மாடலையும் சேர்த்துக் கெடுக்கும். 1971-இன் பருவத்தை ட்ரையம்ஃப்பும் பி.எஸ்.ஏ.வும் தவறவிட்டன. அந்த ஆண்டுக் குழுமத்தின் நட்டம் 80 லட்சம் பவுண்டை ஒட்டியது. நிர்வாக இயக்குநர் லயோனல் ஜோஃபே வெளியேறினார். மெரிடன் வாயிலில் மறியல் தொடங்க இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன என்பதைத் தொழிலாளர்களைக் குற்றஞ்சாட்டுபவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

இதே சோதனை ஹோண்டாவுக்கும் வந்ததுதான். 1959-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை திறந்த ஹோண்டாவின் 250, 305 சி.சி. பைக்குகள், அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலை வேகத்தைத் தாங்காமல் 1960-இல் ஆயில் ஒழுகின, கிளட்ச் செயலிழந்தது. கவாஷிமா கிஹாச்சிரோ தலைமையிலிருந்த சிறு குழு பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பியது. சோதனைக்கூடம் இரவு பகலாக வேலை செய்து, ஒரு மாதத்துக்குள் ஹெட் கேஸ்கெட்டையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் மாற்றி வடிவமைத்தது. பழுதில் இரு நாட்டாரும் சமம். பழுது பற்றிய செய்தி வடிவமைப்பாளரை எட்டிய வேகத்தில்தான் வேறுபாடு.

பிரிட்டிஷ் அரசு கேட்டுப் பெற்ற 1975-ஆம் ஆண்டு பாஸ்டன் கன்சல்டிங் குழும அறிக்கை வேறு விளக்கம் தந்தது. அமெரிக்கச் சந்தையில் பிரிட்டனின் பங்கு 1959-இல் 49 விழுக்காட்டிலிருந்து 1973-இல் 9 விழுக்காடாகச் சரிந்ததற்கு, ஜப்பானியரின் உற்பத்தி அளவும் அது தந்த விலைக் குறைவுமே காரணம். சிறிய பைக்குகளை விட்டுக்கொடுத்துப் பின்வாங்கிக்கொண்டே போனது பிரிட்டனின் தவறு என்றது அது. ரிச்சர்ட் பாஸ்கேல் 1984-இல், ஹோண்டா நிர்வாகிகளையே கண்டு பேசி, அந்த வெற்றி திட்டமிட்ட கணக்கால் வந்ததல்ல, தவறிலிருந்து கற்றதால் வந்தது என்று மறுத்தார். பாஸ்கேலின் பக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது; ஆனால் அவர் ஹோண்டாவின் பக்கத்தை மட்டுமே சொன்னார். மெரிடனிலும் ஒரு காலத்தில் இதே கற்றல் நடந்தது, பின்னர் அது நிறுத்தப்பட்டது என்பதே நான் சேர்க்க விரும்புவது. உற்பத்தி அளவு முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. 650 சி.சி. ட்வின்னை அளவு குறைவாகத் தயாரித்தும் 1960-களின் நடுப்பகுதிவரை ட்ரையம்ஃப் அமெரிக்காவில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. அளவு மட்டும் வைத்து அந்த வளர்ச்சியையும் 1971-இன் திடீர்ச் சரிவையும் ஒருசேர விளக்க முடியாது.

1973-க்கு வருவோம். பி.எஸ்.ஏ. குழுமத்தின் பைக் தொழிலை எடுத்துக்கொண்டு, அரசின் 48 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட உதவியோடு பூர் உருவாக்கிய புதிய நிறுவனமான நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரையம்ஃப், மூன்று ஆலைகளை இரண்டாகக் குறைக்க முயன்றது. கணக்கேட்டில் நியாயமான முடிவு. ஆனால் அமெரிக்காவில் அப்போதும் விலைபோனது மெரிடன் செய்த பானவில்தான். அதைச் செய்யத் தெரிந்தவர்களைக் கலந்து பேசாமல் எடுத்த முடிவு, அந்த பைக்கின் வரத்தையே நிறுத்தியது. ட்ரைடன்ட்டின் பிரேமும் அசெம்பிளியும் மெரிடனில் இருந்ததால் அதுவும் தடைப்பட்டது.

முற்றுகைக்கும் இதில் பங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1974 செப்டம்பர் 1 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி விதி கியர் மிதியை இடப்பக்கம் வைக்கக் கட்டாயப்படுத்தியது. பிரிட்டிஷ் பைக்குகளில் அது வலப்பக்கம். ஆலை ஓடியிருந்தால் அந்த மாற்றத்தை உரிய காலத்தில் செய்திருக்கலாம். டோனி பென் அமைச்சராக இருந்தபோது கிடைத்த 42 லட்சம் பவுண்டு கடனோடும் ஏழரை லட்சம் மானியத்தோடும் 1975 மார்ச்சில் தொழிலாளர் கூட்டுறவு பிறந்தபோது, பழைய இன்ஜினுக்குள் குறுக்கே ஒரு தண்டைச் செலுத்தி மிதியை இடம் மாற்றும் வேலை அதன் தலையில் விழுந்தது. அதைவிடப் பெரிய முடக்கம், விற்பனை உரிமை 1977 வரை பூரின் நிறுவனத்திடமே இருந்ததுதான். அமெரிக்காவில் யார் வாங்குகிறார், எதைக் குறை சொல்கிறார் என்பதைச் செய்பவரே அறிய முடியாத பழைய நிலை, வேறு உருவில் தொடர்ந்தது. கூட்டுறவு 1983-இல் முடிவுக்கு வந்தது.

உற்பத்தியை இடம் மாற்றுவதே சந்தையை இழக்கச் செய்யும் என்றால் பின்னர் நடந்தவை புரியாமல் போகும். ட்ரையம்ஃப் பெயரை வாங்கிய ஜான் ப்ளோர், இங்கிலாந்தின் ஹிங்க்லியில் புதிய ஆலை கட்டி 1991-இல் விற்பனை தொடங்கினார்; அமெரிக்காவில் மட்டும் உடனே இறங்கவில்லை. 1990-களின் நடுவில், தனக்கென விற்பனை நிறுவனம் அமைத்த பிறகே அங்கே போனார். 2002 முதல் தாய்லாந்தின் சோன்புரியில் ஆலைகள் எழுந்தன; பானவில் வரிசையும் அங்கே போனது. இருபது கிலோமீட்டருக்குள் நகர முயன்ற ட்ரையம்ஃப் சந்தையை இழந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்த ட்ரையம்ஃப் இழக்கவில்லை. 2,294 சி.சி. ராக்கெட் 3 போன்ற பைக்கை அமெரிக்க ஓட்டுநரை நினைத்தே ஹிங்க்லி வடிவமைத்தது என்பதில்தான் விடை இருக்கிறது.

நம் பக்கத்துச் சான்றும் இதையே சொல்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரின் ராயல் என்ஃபீல்டு 1955-இல் சென்னைத் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்புக்கு அடித்தளமிட்டது. அதே ஆண்டு முதல் தன் பைக்குகளை அமெரிக்காவில் ‘இந்தியன்’ என்ற வேறொரு நிறுவனத்தின் பெயரில் விற்றது. தன் பெயரில் அங்கே ஒரு வேரும் ஊன்றவில்லை. தாய் நிறுவனம் மறைந்தது, சென்னை ஆலை பிழைத்தது. அந்தச் சென்னை நிறுவனம் 2015-இல் மில்வாக்கியில் அலுவலகம் திறந்து, 2018-இல் 650 சி.சி. ட்வின்னைக் கலிபோர்னியாவில் அறிமுகம் செய்து, 5,799 டாலரில் விற்கத் தொடங்கியது. செய்யப்படுவது சென்னைப் புறநகரில், வரையப்பட்டது பெரும்பாலும் லெஸ்டர்ஷயரில்.

எனவே மெரிடன் வரலாற்றில் பழியை வாயிலில் நின்ற 1,750 பேர்மீது சுமத்துவதற்கு ஆதாரமில்லை. பொறுப்பு, 1968 முதல் 1971 வரை பி.எஸ்.ஏ. குழுமத்தை நடத்தியவர்களுடையது. இத்துறையில் ஆய்வு செய்யும் இளையோர் நிர்வாகக் கூட்டக் குறிப்புகளோடு நிற்காமல், பாசடீனாவுக்கும் பால்டிமோருக்கும் மெரிடனுக்கும் இடையே போய்வந்த விநியோகஸ்தர் கடிதங்களையும் உத்தரவாதப் புகார்களையும் தேடி எடுத்துப் படிக்க வேண்டும்.