தோள் காய நட்டஈடு: மலையகத் தோட்டங்கள்

நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில், வேலையின்போது உடலுக்கு நேரும் பாதிப்புக்குப் பணம் கோரும் உரிமையைத் தந்தது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அப்போது தொழில் அமைச்சராக இருந்த பெரி சுந்தரம், 1931இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போட்டியின்றித் தெரிவானவர். இத்தகைய சட்டம் பிரித்தானியாவில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் வந்துவிட்டது. முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. வேலையால், வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்று காட்டினால் போதும். எழுதப்படிக்க வாய்ப்புக் கிடைக்காத மக்களுக்கு இது பெரிய கொடை.

மலையில் குளவி கொட்டினாலும், மழையில் வழுக்கி விழுந்தாலும், தொழிற்சாலை இயந்திரத்தில் கை சிக்கினாலும் நாளும் நேரமும் தெரியும். உடன் வேலை செய்தவர்கள் சாட்சி சொல்வார்கள். கொழுந்தெடுப்பவரின் தோளுக்கு அப்படியொரு நாள் இல்லை. நாளொன்றுக்கு 16 முதல் 20 கிலோ பறித்துச் சுமக்கும் உடம்பில் வலி வருடக்கணக்கில் ஏறுகிறது. கை உயராவிட்டால் நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான். காயத்துக்கு ஈடு கிடைப்பதற்குப் பதிலாக, காயப்பட்டவரின் கூலியே குறைகிறது.

தோள் காயத்துக்குச் சட்டம் தெளிவாக இடங்கொடுத்ததற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு; ஆனால் அது வேலையால் அல்ல, தடுப்பூசியால் வந்த காயத்துக்கு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1988இல் தொடங்கிய தடுப்பூசி நட்டஈட்டுத் திட்டம், ஊசிக்கு விதிக்கும் சிறு வரியிலிருந்து பணம் தருகிறது. ஊசி புயத்தில் அளவுக்கு மேலே ஏறி மூட்டருகே பாய்ந்தால் வரும் காயம் 2017இல் அதன் அட்டவணையில் சேர்ந்தது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருந்தால், காரணம் ஊசியே என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் அத்தோளில் முன்பே வலி இருந்திருக்கக் கூடாது. கூடை சுமந்து தேய்ந்த தோள் இந்த நிபந்தனையிலேயே தோற்றுவிடும். அங்கே ஊசியைக் காரணமாகக் கொள்வது போல, நீண்டகாலம் கொழுந்தெடுத்தவரின் தோள்வலியை வேலையால் வந்ததென்றே சட்டம் கொள்வதுதான் நியாயம்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் கொரோனாத் தடுப்பூசிகளுக்காக 92 நாடுகளில் தொடங்கிய நட்டஈட்டுத் திட்டத்தில் இலங்கையும் இடம்பெற்றது. நிரந்தர ஊனத்துக்கும் இறப்புக்கும் உரிய திட்டம் அது. சில மாதங்களில் தணியும் தோள்வலி அதில் அடங்காது.

1934ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, நட்டஈட்டின் உச்சவரம்பு 5,50,000 ரூபாயிலிருந்து 20,00,000 ரூபாயாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துகளும் சேர்க்கப்பட்டதால், லயக் குடியிருப்பிலிருந்து மலைக்கு ஏறும் வழியில் விழுந்தவரும் இப்போது நட்டஈடு கோரலாம்.