கொம்பு இடம்மாறிய காலம்

பெரிய திரை ஈ-இங்க் கருவிகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் பிராசசரைத்தான் பார்க்கிறார்கள். 2020-இல் வந்த ரிமார்க்கபிள் 2-இல் 1.2 கிகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர். அதே ஆண்டின் பூக்ஸ் நோட் ஏரில் எட்டுக் கோர் ஸ்னாப்டிராகன் 636. இரண்டுக்கும் திரை 10.3 அங்குலம். எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடலாம்தான். ஆனால் மதுரை செல்லூர் விசைத்தறியில் எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டினாலும், பாவு நூல் தாங்குகிற வேகத்துக்கு மேல் தறியை ஓட்ட முடியாது. ஈ-இங்க் திரையில் அந்தப் பாவு நூல், நுண்குமிழ்களுக்குள் மிதக்கும் கறுப்பு, வெள்ளைத் துகள்கள். மின்னழுத்தம் பட்டதும் அவை நீந்தி இடம் மாற வேண்டும். பழைய பக்கத்தின் நிழல் தங்காமல் திரை முழுவதையும் மாற்ற ஏறக்குறைய அரை நொடி பிடிக்கும். சில்லு எதுவானாலும் இந்த அரை நொடி அப்படியேதான் இருக்கும். பேனாக் கோட்டுக்குக் குறுக்குவழி உண்டு. அதிலும், 21 மில்லிநொடியில் கோடு விழும் என்று சொல்லி விற்கப்பட்டது சின்னச் சில்லு வைத்த ரிமார்க்கபிள்தான்.

தமிழ் வாசகரைக் காக்கவைத்ததும் சில்லு அல்ல, நூல் இல்லாத குறையும் அல்ல. செல்லூருக்கு எதிரே, வைகையின் தென்கரையில், பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் ஏடுகளைத் திரட்டி நூல்களை அச்சேற்றியது. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மின்னூல் முயற்சிக்கும் மதுரைத் திட்டம் என்றே பெயர். தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார்கள். 2007-இல் கிண்டில் வந்தது, 2009-இல் 9.7 அங்குலக் கிண்டில் டிஎக்ஸ். நூல் இருந்தது, கருவியும் இருந்தது, தமிழ்தான் ஒழுங்காகத் தெரியவில்லை. 'கொ' என்பதில் கொம்பைக் ககரத்துக்கு முன்னும் காலைப் பின்னும் கருவியே வைக்க வேண்டும். அதற்கான மென்பொருள் இல்லாவிட்டால் கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் நிற்கும். இல்லையென்றால் வெறும் கட்டங்கள். 2013-இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு இதற்காகவே ஆறு அங்குலத் திரைக்கென்று தனிப் பிடிஎஃப் செய்து வெளியிட்டது. எழுத்தின் வடிவத்தைக் கோப்பிலேயே பதித்துவிட்டதால் கருவி எதையும் கோக்க வேண்டியதில்லை. அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகம் விற்கத் தொடங்கியது 2016 டிசம்பரில்தான். இதில் குறையும் மென்பொருளில் இருந்தது, தீர்வும் அங்கேயே கிடைத்தது.

ஸ்கேன் செய்த பழைய நூல்களுக்கு வலுவான சில்லு வேண்டாமா என்று கேட்பது நியாயமே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் பழம் பதிப்புகளில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். அதை விரித்து, சுருக்கி, திரைக்குப் பொருத்த வேகமும் நினைவகமும் தேவை. பலர் பெரிய திரையை வாங்குவதே இவற்றைப் படிக்கத்தான். அந்த அளவுக்கு ஸ்னாப்டிராகன்காரர் சொல்வது சரி. ஆனால் அதே நூல் தட்டச்சு வடிவில் மதுரைத் திட்டத்தில் இருந்தால் பத்தாண்டுப் பழைய கருவியிலும் தயங்காமல் திறக்கும். அதனால் கருவி வாங்கப் போகிறவர்கள் கிகாஹெர்ட்ஸை ஒப்பிடுவதற்கு முன், கனமான ஒரு ஸ்கேன் நூலைப் போட்டு இருபது பக்கம் புரட்டிப் பாருங்கள். 'கொ' சரியாக விழுகிறதா என்பதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.