சைகை மொழியும் வாசிப்பும்

அமெரிக்கச் சைகை மொழியில் பேசி வளரும் காது கேளாத மாணவர்களுக்கு எழுத்து வடிவ ஆங்கிலம் இரண்டாம் மொழி. காது கேட்கும் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கையில், ஏற்கெனவே கேட்டுப் பழகிய சொல்லையே அடையாளம் காண்கிறது. காது கேளாத குழந்தைக்கு அந்த ஒலிவழி இல்லை, அல்லது மங்கல். அதனால் அச்சுச் சொல்லைச் சைகையோடு நேராக இணைத்தாக வேண்டும்.

இதற்குப் பெரிதும் உதவுவது விரலெழுத்து. 26 ஆங்கில எழுத்துகளையும் ஒரே கையால் காட்டும் முறை. சின்னக் குழந்தைகள் இதை எழுத்துகளாகப் பார்ப்பதில்லை, ஒரு கையசைவாகவே பார்த்துப் போலச் செய்கிறார்கள். எழுத்து தெரிந்த பிறகுதான் அந்த அசைவு தனித்தனி எழுத்துகளாகப் பிரிகிறது. விரலெழுத்தைக் குழந்தை இருமுறை கற்கிறது என்கிறார் ஆய்வாளர் கேரல் பேடன்.

வகுப்பறையில் பலனளிப்பது 'சங்கிலி' முறை. ஆசிரியர் 'வால்கேனோ' என விரலால் எழுதிக் காட்டுவார்; எரிமலைக்கான சைகையைச் செய்வார்; பலகையில் உள்ள சொல்லைச் சுட்டுவார்; மறுபடி விரலால் எழுதுவார். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். டாம் ஹம்ஃப்ரிஸும் ஃபிரான்சின் மக்டூகலும் 1990களின் இறுதியில் இதை ஆராய்ந்து எழுதினர்.

ஒரு சொல்லுக்கு ஒரு சைகை என்ற கணக்கு செல்லாது. 'ரன்' என்ற ஆங்கிலச் சொல் ஆள் ஓடுவதையும் மூக்கு ஒழுகுவதையும் இயந்திரம் இயங்குவதையும் குறிக்கும். மூன்றுக்கும் சைகை வேறு வேறு. ஓடுவதற்கான சைகையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, மூக்கு ஒழுகும் வாக்கியத்தில் திகைத்து நிற்கும்.

தேர்ந்த வாசகரிடமும் சைகை ஒதுங்கிவிடுவதில்லை. ஜில் மார்ஃபோர்டும் சகாக்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், காது கேளாதோருக்கு ஆங்கிலச் சொற்களை இணையிணையாகக் காட்டி, பொருள் தொடர்பு உண்டா என்று கேட்டார்கள். சைகை எதையும் காட்டவில்லை. 'திரைப்படம்', 'காகிதம்' ஆகியவற்றுக்குப் பொருளில் தொடர்பில்லை. ஆனால் இரண்டின் சைகையிலும் விரித்த உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடும், அசைவு மட்டுமே மாறும். இத்தகைய இணைகளுக்கு 'இல்லை' என்று சொல்லக் கூடுதல் நேரம் பிடித்தது. படிக்கும்போதே சைகை மனத்தில் எழுகிறது என்பதற்கு இது வலுவான சான்று.

1880இல் காது கேளாதோர் கல்வி பற்றிய மிலான் மாநாடு வாய்மொழிக் கல்வியே மேல் என்று தீர்மானித்தபின், பல பள்ளிகளில் சைகைக்குத் தடை வந்தது. வாசிப்புக்குக் கைகொடுத்திருக்கக்கூடிய மொழியையே வகுப்பிலிருந்து வெளியேற்றிய முடிவு அது. சைகை முழுமையான மொழி என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் இலக்கணச் சான்றோடு காட்டினார். ஆனாலும் காது கேளாத குழந்தைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் சைகை தெரிந்தவர் இல்லாததால், பலருக்கு அந்த மொழியும் வாசிப்பும் பள்ளியில் ஒரே சமயத்தில்தான் தொடங்குகின்றன.