ஹந்தானைச் சாரலில் தற்காப்பு

ஹந்தானை மலையின் அடிவாரத்திலே, மகாவலி கங்கை வளைந்தோடும் பேராதனையில் சர்வகலாசாலை எழுந்தபோது, சேர் ஐவர் ஜெனிங்ஸ் கண்ட கனவு விடுதி வாழ்க்கையாகும். மாணாக்கர் ஒருங்கே உறைந்து கற்பர். விடுதிதோறும் ஒரு காப்பாளர் இருப்பார். 1952இல் கொழும்பிலிருந்து பெருமளவிற் பெயர்ந்து வந்த அக்கலாசாலையை 1954இல் எடின்பரோக் கோமகன் முறைப்படி திறந்துவைத்தார். கற்க வருவோர் தம்மைக் காக்கக் கருவி தேடுவர் என்று அன்று எவர் எண்ணியிருப்பார்?

1975இல் இராமநாதன் விடுதியிலே, பகிடிவதைக்கு அஞ்சிய மாணவி ஒருத்தி இரண்டாம் மாடியிலிருந்து குதித்தாள். நடக்கும் ஆற்றலை இழந்தாள். அவளுக்குக் கிட்டிய தற்காப்புக் கருவி ஒரு சாளரமே. 1983 மே மாதத்தில் தமிழ் மாணவர்கள் அதே வளாகத்தில் தாக்கப்பட்டனர். 1997இல் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன், கடும் பகிடிவதைக்குப் பின் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான்.

மறு ஆண்டே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. சாதாரண பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், அதனாற் கடுங்காயம் நேரின் பத்தாண்டு வரையும் சிறை. தண்டிக்கும் பொறுப்பு அரசினுடையதாயிற்று. தடுக்கும் வழியோ மாணவன் கையில் வைக்கப்படவில்லை.

தற்காப்புரிமை இலங்கைக்குப் புதியதன்று. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை அதனை ஏற்கிறது. ஆயினும் தேவைக்கு மிஞ்சிய தீங்கு செய்தலாகாது. அதிகாரிகளின் துணையை நாட அவகாசமிருப்பின் அவ்வுரிமை இல்லை. நள்ளிரவில், தாளிட்ட அறையில், அந்த அவகாசம் ஏது?

அவ்வாறாயின் உயிர்போக்காத கருவியொன்றைக் கையிற் கொடுத்தாலென்ன? பெப்பர் ஸ்பிரே எனப்படும் மிளகுத் தெளிப்பைப் பிரித்தானியா தன் 1968ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டத்தின்கீழ்த் தடுக்கிறது. இந்தியாவிலோ அது கடைகளிற் கிடைக்கிறது. தனிவழியில் எதிர்ப்படும் ஒருவனிடமிருந்து தப்பியோட அது உதவலாம். விடுதியின் நிலை வேறு. அங்கே ஒருவரைச் சூழ்ந்து நிற்போர் பலர். கையிலுள்ளதைப் பறிப்பதற்கு அவர்களுக்கு ஒரு நொடி போதும். அன்றியும், அனைவர்க்கும் அனுமதியென்றால் புதுமுக மாணவன் பையிலுள்ள குப்பி மூத்தவன் பையிலும் இருக்கும். அவனே அதனை முதலில் எடுப்பான் என்பதே அச்சம்.

ஊதல் இவற்றினும் எளிது, எவரையும் புண்படுத்தாது. ஆனால் ஊதலோசை கேட்டு வரவேண்டியவர் காப்பாளர். அவர் வருமுன் அடுத்த அறையிலிருந்து எழுந்து வருவோர், பெரும்பாலும் அதே மூத்த மாணவர்தாம். மறுநாட் காலையில் முறைப்பாடு கொடுத்தவனும் அவர்களோடுதான் அதே உணவுக்கூடத்தில் அமர்ந்து உண்ணவேண்டும்.